போவே பேராலயத்தின் நடுமண்டபம்

மவுண்ட் ஆல்பர்ட், ஒக்லாந்து
6 மார்ச் 1994

அன்புள்ள அக்காவுக்கு,

உங்கள் உடம்பு, முழங்கால், கிணற்றுத் தண்ணீர் மூன்றும் சீராக இருக்கும் என்ற நினைப்போடு எழுதுகிறேன். நாங்கள் மூவரும் சுகம்.

இன்று ஞாயிற்றுக்கிழமை காலை பத்தேகாலுக்கு, இந்த வீட்டின் வரலாற்றில் நீண்டகாலம் நினைக்கப்படப்போகும் ஒரு தீர்மானம் எடுக்கப்பட்டது. முக்கியமான காகிதங்கள் யாவும் இனிமேல் குசினியில் இரண்டாவது லாச்சியில் வைக்கப்படும். நான் முதலாவது லாச்சியை முன்மொழிந்தேன். அதை இழுத்துத் திறந்து, உள்ளே கரண்டிகள் இருப்பதைப் பூங்கோதை சுட்டிக்காட்டினா. மூன்றாவதில் வெங்காயம். இரண்டாவதிலிருந்த மெழுகுதிரிகளையும் பழைய சாவிகளையும் எங்கே குடியேற்றுவது என்று முக்கால் மணித்தியாலம் விவாதித்தோம். பிறகு ஏகமனதாக நிறைவேறியது. மகள் கஜந்தினி வாக்கெடுப்பின்போது தொலைக்காட்சி பார்த்துக்கொண்டிருந்தாள்.

அந்த லாச்சியில் முதலில் குடிபுகுந்தது நீங்கள் கையெழுத்திட்டு அனுப்பிய விண்ணப்பப் படிவம். தனியாக இருக்கும் மணமாகாத சகோதரங்களைக் கூப்பிட இந்த நாடு இடம் தருகிறது. இரண்டு தகுதியும் உங்களிடம் தாராளமாக உண்டு. அடுத்த கிழமை கொண்டுபோய்க் கொடுத்துவிடுவேன்.

உங்களுக்கு அறை ஒழுங்கு செய்ய வேண்டும். சின்ன அறையில் இப்போது பூங்கோதையின் தையல் மெசின் இருக்கிறது. "மச்சாளைக் கூப்பிட்டு மெசினுக்கு மேலயே படுக்க வைக்கிறது?" என்று கேட்டா. நியாயமான கேள்வி. ஆகவே கராஜின் பாதியை அறையாக மாற்றுவதாக உத்தேசம்.

வேலை அதே பெட்டித் தொழிற்சாலைதான். பெட்டிகள் வெறுமையாகவே வெளியே போகின்றன. பிறகு என்ன போடுகிறார்கள் என்று எங்களுக்குச் சொல்வதில்லை.

நீங்கள் ஏதோ புத்தகம் எழுதுவதாக அறிந்தேன். பிரான்சு நாட்டுக் கோயிலாமே. ஏன்?

பூங்கோதை சுகம் விசாரிக்கிறா.

உங்கள் அன்புத் தம்பி
நவரத்தினம்


கோண்டாவில், யாழ்ப்பாணம்
2 மே 1994

அன்புள்ள தம்பி,

உன் கடிதம் ஐம்பத்திரண்டு நாளில் வந்து சேர்ந்தது. நான் சுகம். முழங்கால் தனிக்கட்சி. கிணறு வற்றவில்லை. உங்கள் மூவருக்கும், இரண்டாவது லாச்சிக்கும் என் வாழ்த்து.

ஏன் என்று கேட்டாய். முப்பத்தொரு வருடம் பெண்பிள்ளைகளுக்கு ஐரோப்பிய வரலாறு படிப்பித்தேன். ஒரு நல்ல தமிழ்ப் புத்தகம் இருக்கவில்லை. அது ஒரு காரணம். மற்றது, இந்த ஊரில் இருந்துகொண்டு எந்த வரலாற்றை எழுதினாலும் யாரோ ஒருவர் வீடு தேடி வருவார். பதின்மூன்றாம் நூற்றாண்டுப் பிரான்சைப் பற்றி இங்கே எவரும் இன்னும் நிலைப்பாடு எடுக்கவில்லை.

போவே என்பது பாரிசுக்கு வடக்கே ஒரு ஊர். 1225இல் பழைய கோயில் எரிந்தது. ஆயரும் குருமார் சபையும் கூடிப் புதிதாகக் கட்டத் தீர்மானித்தார்கள். பக்கத்து ஊரான அமியானிலும் அப்போது ஒரு பேராலயம் எழும்பிக்கொண்டிருந்தது. அதைவிட ஒரு சில முழமாவது உயர்ந்திருக்க வேண்டும் என்பது போவேக்காரரின் பக்தி. கடவுளுக்கு அந்தச் சில முழத்தால் என்ன வசதி என்று யாரும் எழுதி வைக்கவில்லை. 1272இல் பீடப்பகுதியின் வளைகூரையை மூடினார்கள். உலகத்தில் அதைவிட உயர்ந்த வளைகூரை இல்லை. பன்னிரண்டு வருடம் நின்றது. 1284இல் விழுந்தது.

இதற்கு மேல் எழுத எனக்கு வழியில்லை. என்னிடமுள்ள ஒரே ஆங்கிலப் புத்தகத்தில் தொண்ணூற்றாறாம் பக்கத்துக்குப் பிறகு மழைத் தண்ணீர். பொது நூலகத்தில் இருந்த மற்றப் பிரதிக்கு என்ன நடந்தது என்று உனக்குத் தெரியும். ஆகவே உன் ஊர் நூலகத்தில் பார்த்து மூன்று விஷயம் எழுது. வளைகூரை நிலத்திலிருந்து எத்தனை மீற்றர்? பின்னாளில் கட்டிய கோபுரம் எந்த வருடம் முடிந்து எந்த வருடம் விழுந்தது? மக்கள் நின்று வணங்கும் நடுமண்டபத்தில் ஒரு பக்கத்துக்கு எத்தனை தூண்? இரண்டு புத்தகத்தில் பார்த்து எழுது. ஒரு மூலம் மட்டும் சொல்வதை நான் எழுதுவதில்லை என்பது உனக்குத் தெரியும்.

படிவம் கொடுத்தாயிற்றா?

பூங்கோதைக்கும் பிள்ளைக்கும் என் அன்பு.

அக்கா
செல்வநாயகி


மவுண்ட் ஆல்பர்ட்
19 யூன் 1994

அன்புள்ள அக்காவுக்கு,

முழங்கால் கட்சி மாறியிருக்கும் என்று நம்புகிறேன். இங்கே குளிர். பலகை வீடு என்றபடியால் வெளியே எவ்வளவு குளிரோ அவ்வளவு குளிர் உள்ளேயும் பாரபட்சமின்றிக் கிடைக்கிறது. மற்றபடி சுகம்.

படிவம் ஏப்ரலில் கொடுத்தாயிற்று. கவலை வேண்டாம். இப்படியானவை மெதுவாகத்தான் நகருமாம்.

போன சனிக்கிழமை ரயிலில் நகரத்துக்குப் போய் நூலகத்தில் அரைநாள் இருந்தேன். நல்ல தடித்த புத்தகம். வளைகூரை நூற்றைம்பது அடிக்கு மேல். கோபுரம் பதினாறாம் நூற்றாண்டில் கட்டி, அந்த நூற்றாண்டிலேயே விழுந்துவிட்டது. நடுமண்டபத்தைப் பற்றித்தான் விபரமாகப் போட்டிருந்தார்கள். ஒரு பக்கத்துக்குப் பதினொரு தூண், மொத்தம் இருபத்திரண்டு. பின்னேரங்களில் மேற்கு வாசலால் வரும் வெயில் ஒவ்வொரு தூணாக ஏறிப் பீடம் வரைக்கும் போகுமாம். ஒரு முனையிலிருந்து மறு முனைக்கு நடக்க ஐந்து நிமிடம் பிடிக்குமாம். ஊரில் கட்டடப் படம் வரைந்து பழகிய எனக்கே பிரமிப்பாக இருந்தது.

கராஜ் அறைக்குத் தரைவிரிப்பு எந்த நிறம் என்பதில் இன்னும் உடன்பாடு இல்லை. பூங்கோதை சாம்பல் என்கிறா. தையல் துணியின் நூல் விழுந்தால் தெரியாதாம்.

அவவும் கஜந்தினியும் சுகம் விசாரிக்கிறார்கள்.

அன்புத் தம்பி
நவரத்தினம்


கோண்டாவில்
21 ஓகஸ்ட் 1994

அன்புள்ள தம்பி,

உங்கள் சுகத்துக்கு என் பிரார்த்தனை. நான் சுகம். யூலைக் கடைசியில் எங்கள் ஒழுங்கையில் குண்டு விழுந்தது. மூன்று வீடு. எனக்கு ஒன்பது ஓடு மட்டும். முன்வீட்டு வசந்தமலர் வந்து மழை ஒழுகாமல் படங்கு கட்டித் தந்தாள். அவளை உனக்கு நினைவிருக்கும், என்னிடம் படித்தவள். பத்தாம் வகுப்பில் பிரெஞ்சுப் புரட்சியை இரண்டு வருடம் முந்தி நடத்தி வைத்தவள். படங்கை ஒழுங்காகக் கட்டினாள்.

நடுமண்டபம் பற்றி நீ எழுதியதை மூன்று தரம் வாசித்தேன். வெயில் தூண் தூணாக ஏறும் இடம் விசேஷம். உனக்கு இப்படி எழுத வரும் என்று இவ்வளவு காலமும் எனக்குத் தெரியாமல் போயிற்று. அந்தப் புத்தகத்தின் பெயரையும் பக்க இலக்கத்தையும் எழுதி அனுப்பு. படிவம் கொடுத்தபோது தந்த பற்றுச்சீட்டின் இலக்கத்தையும் எழுது. எனக்கு இலக்கங்களில் ஒரு ஆசை, வேறொன்றுமில்லை.

1284இல் கூரை விழுந்த பிறகு என்ன செய்தார்கள் என்பது என் புத்தகத்தின் தொண்ணூற்றிரண்டாம் பக்கத்தில் இருக்கிறது. ஆராய்ந்தார்கள். தூண்களுக்கிடையில் தூரம் அதிகம் என்று கண்டார்கள். ஒவ்வொரு இரண்டு தூணுக்கும் நடுவில் இன்னொரு தூண் வைத்தார்கள். அதற்கு நாற்பது வருடம் எடுத்தது. உயரத்தைக் குறைப்பது பற்றி யாரும் பேசியதாகக் குறிப்பில்லை.

அக்கா
செல்வநாயகி


மவுண்ட் ஆல்பர்ட்
27 நவம்பர் 1994

அன்புள்ள அக்காவுக்கு,

பதில் எழுதத் தாமதித்துவிட்டேன். தொழிற்சாலையில் மேலதிக வேலை. பிறகு கஜந்தினிக்குப் பரீட்சை. பிறகு எனக்குத் தடிமன், தும்மல். இப்போது எல்லாரும் சுகம். ஓடுகளை மாற்றியாயிற்றா?

கராஜ் வேலைக்கு ரானுயியிலிருந்து ஜெய் பிரகாஷ் என்ற தச்சரைப் பிடித்திருக்கிறோம். பீஜிக்காரர். மூதாதையர் தமிழராம். அவர்களுடைய தமிழ் கரும்புத் தோட்டத்தோடு நின்றுவிட்டது. ஆங்கிலத்தில்தான் கதைப்போம். வந்து சுவரைத் தட்டிப் பார்த்தார்.

"யாருக்கு அறை?" என்று கேட்டார்.

"என்ர அக்காவுக்கு" என்றேன்.

"மெசினுக்கு" என்றா பூங்கோதை. "அவ வாறவரைக்கும்."

அவர் பென்சிலைக் காதில் செருகினார். "ஆளுக்கு என்றால் ஜன்னல் வேண்டும். மெசினுக்கு என்றால் பிளக் வேண்டும். இரண்டு பேரும் கதைத்து முடிவெடுத்துக் கூப்பிடுங்கள். நான் எங்கேயும் ஓடமாட்டேன்."

அதன்பின் கதைத்துக்கொண்டிருக்கிறோம். மனுசி சொல்வதிலும் பிழையில்லை அக்கா. இரண்டு ஷிப்ட் வேலை செய்து வந்து அவ தைக்கிறா. இருக்கிற ஒரு மூலையையும் விடு என்று எப்படிச் சொல்வது?

ஒரு சின்ன விஷயம். உங்கள் பிறப்பு அத்தாட்சிப் பத்திரத்தின் மூலப் பிரதி தேவைப்படும் போலிருக்கிறது. பதிவுத் தபாலில் அனுப்பி விடுங்கள். ஒரு ஒழுங்குக்காகத்தான்.

நூலகத்தில் அந்தப் புத்தகத்தை யாரோ இரவல் எடுத்துப் போய்விட்டார்கள். வந்ததும் பெயரும் பக்கமும் எழுதுவேன்.

அன்புத் தம்பி
நவரத்தினம்


கோண்டாவில்
30 டிசம்பர் 1994

அன்புள்ள தம்பி,

புது வருடம் உங்கள் மூவருக்கும் நல்லதாகட்டும். எனக்குத் தடிமன் இல்லை. ஓடு கிடைக்கவில்லை, படங்கு இருக்கிறது.

பிறப்புப் பத்திரம் இத்துடன். ஏப்ரலில் கொடுத்த விண்ணப்பத்துக்கு நவம்பரில் பிறப்புப் பத்திரம் கேட்கும் நாடு அவசரம் இல்லாத நாடாகத்தான் இருக்கும். எனக்கும் அது பிடிக்கும்.

போன மாதம் குருநகரில் ஒரு பழைய பாதிரியாரின் அலுமாரியில் இன்னொரு புத்தகம் அகப்பட்டது. பிரெஞ்சு. அகராதியோடு வாசிக்கிறேன். கோபுரக் கதை அதில் முழுமையாக இருக்கிறது. 1569இல் முடித்தார்கள், நூற்றைம்பத்துமூன்று மீற்றர். அன்றைக்கு உலகத்தில் அதற்கு மேல் எதுவும் இல்லை. இரண்டு வருடத்தில் கீழேயுள்ள நாலு பெரிய தூண்களும் சரிவதாகச் சந்தேகம் வந்தது. அரசனின் கொத்தனார்களை வரவழைத்தார்கள். அவர்கள் நூல்குண்டு பிடித்துப் பார்த்து, தூண் சரிகிறது, உடனே முட்டுக்கொடுங்கள் என்று எழுதிக் கொடுத்தார்கள். அது 1571. குருமார் சபை அந்த அறிக்கையை ஏற்றுக்கொண்டது. பாராட்டியது. பத்திரமாக வைத்தது. பிறகு இரண்டு வருடம் அதைப் பற்றிக் கூடிக் கதைத்தது. எங்கே வைத்தார்கள் என்று புத்தகத்தில் இல்லை. ஏதோ ஒரு லாச்சியாக இருக்கலாம்.

சண்டை நிற்கப்போகிறது என்று இங்கே எல்லாரும் கதைக்கிறார்கள். நின்றால் கொஞ்சக் காலம் பாதை இலேசாக இருக்கும். அதற்குள் ஏதும் ஆகுமென்றால் சொல்லு.

அக்கா
செல்வநாயகி


மவுண்ட் ஆல்பர்ட்
5 மார்ச் 1995

அன்புள்ள அக்காவுக்கு,

நீங்கள் சுகமாக இருக்க வேண்டும். நாங்கள் சுகம். இதை ஆறுதலாக வாசியுங்கள், பிறகு உடனே புறப்படுங்கள்.

குடிவரவுத் திணைக்களத்திலிருந்து கடிதம் வந்துவிட்டது. நீங்கள் கொழும்புக்குப் போய் அவர்கள் குறிப்பிடும் வைத்தியரிடம் பரிசோதனையும் எக்ஸ்ரேயும் எடுக்க வேண்டும். யூன் 13 கடைசித் திகதி. அது முடிந்தால் விசா வரும். வெள்ளவத்தையில் தங்க இடம் ஒழுங்கு செய்திருக்கிறேன். சண்டை நின்றிருக்கும் இந்த நேரத்தை விடாதீர்கள் அக்கா.

நேற்று நூலகத்தில் காலையிலிருந்து மூடும் வரைக்கும் இருந்தேன். இரண்டு புத்தகம். வளைகூரை நாற்பத்தெட்டு மீற்றர்: முதலாவதில் 61ஆம் பக்கம், இரண்டாவதில் 214. பெயர்களைத் தனித் தாளில் எழுதியிருக்கிறேன். கோபுரம் நீங்கள் எழுதியது சரி: 71ஆம் பக்கம், 220. நடுமண்டபம் பற்றி முன்பு எழுதியதில் ஒரு பிழை நேர்ந்துவிட்டது. அந்தப் பழைய புத்தகத்தில் வேறொரு பேராலயத்தின் பக்கங்கள் கலந்து அச்சாகியிருந்திருக்கின்றன. போவேயில் நடுமண்டபம் இல்லை. கட்டவே இல்லை. பீடப்பகுதியோடும் குறுக்கு மண்டபத்தோடும் நின்றுவிட்டது. அது வரவேண்டிய இடத்தில் ஆயிரம் வருடப் பழைய சின்னக் கோயில் ஒன்று இன்னும் நிற்கிறது.

ஜெய் பிரகாஷ் ஜன்னல் வெட்டிவிட்டார்.

எப்போது கொழும்பு போவீர்கள் என்று உடனே எழுதுங்கள்.

தம்பி
நவரத்தினம்


கோண்டாவில்
9 ஏப்ரல் 1995

அன்புள்ள தம்பி,

எல்லாரும் சுகமென்று அறிந்து சந்தோஷம். நானும் அப்படியே. நாற்பத்தெட்டு மீற்றருக்கு நன்றி. இரண்டு மூலம், பக்க இலக்கத்தோடு. இப்படித்தான் வேண்டும்.

நீ சின்னனில் என்னிடம் படிக்கவில்லை, ஆம்பிளைப் பிள்ளைகளின் பள்ளிக்கூடத்துக்குப் போனாய். அதனால் உனக்குத் தெரிய நியாயமில்லை. நான் ஒவ்வொரு பரீட்சைத் தாளிலும் இல்லாத ஒன்றைப் பற்றி ஒரு கேள்வி வைப்பேன். நடக்காத ஒப்பந்தம், பிறக்காத இளவரசன். தெரியாது என்று எழுதிய பிள்ளைக்கு முழுப் புள்ளி. வசந்தமலர் தெரியாது என்று எழுதினாள். போவேயில் நடுமண்டபம் இல்லை என்று என்னிடமுள்ள அந்த ஆங்கிலப் புத்தகத்தின் நாலாம் பக்கத்திலேயே இருக்கிறது.

உன்னைப் பரீட்சிக்க நான் நினைக்கவில்லை. கை பழக்கத்தில் எழுதிவிட்டது.

இப்போது கொழும்பு. இங்கிருந்து வெளியே போக இயக்கத்தின் பாஸ் வேண்டும். பாஸ் எடுக்க ஒருவர் பிணை நிற்க வேண்டும். போனவர் சொன்ன திகதிக்குத் திரும்பாவிட்டால் பிணை நின்றவரின் வீட்டுக்கு வந்து கதைப்பார்கள். எனக்குப் பிணை நிற்க ஒரே ஆள் வசந்தமலர். புருசன் இல்லை. வீடு ஒன்று இருக்கிறது.

"போங்கோ ரீச்சர்" என்கிறாள். "நீங்கள் அங்கால போய்ச் சேர்ந்தீங்கள் என்றால் நான் இங்க என்னத்தையாவது சொல்லிச் சமாளிப்பன். வாயில்லாதவளே நான்?"

"போய்ச் சேராமல் கொழும்பில நிண்டால்?"

"அப்ப வீட்டையும் குடுத்து வாயையும் குடுக்கிறதா வரும்" என்று சிரிக்கிறாள்.

அவளுக்கு நான் நிச்சயம் என்று ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். இந்த விஷயத்துக்கு என்னிடம் ஒரே மூலம்தான் இருக்கிறது தம்பி. அது நீ. திணைக்களத்தின் முத்திரையோடு ஒரு பிரதி அனுப்பு. அது வந்த அன்றைக்கே பாஸ் கந்தோருக்குப் போவேன். முழங்கால் சத்தியம்.

அக்கா
செல்வநாயகி


மவுண்ட் ஆல்பர்ட்
21 மே 1995

அன்புள்ள அக்காவுக்கு,

நீங்கள் சுகமோ என்று கேட்கவே பயமாக இருக்கிறது. மறுபடி சண்டை தொடங்கியதைச் செய்தியில் பார்த்தோம். உங்கள் கடிதம் நேற்றுத்தான் வந்தது.

விண்ணப்பத்தின் முதற் பக்கமும் திணைக்களத்தின் கடிதமும் பிரதியெடுத்து இத்துடன் வைத்திருக்கிறேன். முத்திரை தெரிகிறது. மருத்துவப் பரிசோதனைக்கு நவம்பர் 30 வரை நீடிப்புக் கேட்டு எழுதியிருக்கிறோம். அந்தக் கடிதத்தைப் பூங்கோதைதான் எழுதித் தந்தா. என்னுடைய ஆங்கிலத்தில் கேட்டால் தரமாட்டார்களாம்.

இதே பிரதிகளை இன்னும் இரண்டு உறைகளில், வேறு வேறு ஆட்களிடம் கொடுத்து அனுப்புகிறேன். ஒன்றாவது வந்து சேரும்.

அக்கா, முத்திரையில் உள்ள திகதியைப் பார்ப்பீர்கள்.

தம்பி
நவரத்தினம்


கோண்டாவில்
10 ஒக்டோபர் 1995

அன்புள்ள தம்பி,

இருக்கிறேன். நீங்களும் சுகமாக இருங்கள்.

மூன்று உறையில் ஒன்று ஒக்டோபர் 2ஆம் திகதி வந்தது. விண்ணப்பம் பெற்றுக்கொண்ட முத்திரை தெளிவு: 13 பெப்ரவரி 1995. நவம்பர் 30 வரை நீடித்த கடிதமும் அதற்குள்ளேயே இருந்தது. கொழும்பில் யாரோ சேர்த்து வைத்திருக்கிறார்கள். இரண்டாவது மூலம் கிடைத்துவிட்டது. திகதியைப் பற்றி எனக்கு எழுத எதுவுமில்லை.

சொன்னபடி அன்றைக்கே பாஸ் கந்தோருக்குப் போனேன். வசந்தமலரும் வந்தாள்.

"என்ன காரணம் அம்மா?" என்றார் மேசையில் இருந்தவர்.

"வைத்தியம்."

"என்ன வருத்தம்?"

"முழங்கால்."

"முழங்காலுக்கு இங்க டொக்டர் இல்லையோ?"

"இருந்தவர். போன மாதம் உங்களிட்டத்தான் பாஸ் எடுத்துக்கொண்டு போனவர்."

அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. பிணைப் பத்திரத்தில் வசந்தமலரிடம் கையெழுத்து வாங்கினார். "முப்பதாம் திகதி காலமை வாங்கோ, தருவம்" என்றார்.

புத்தகத்தில் கடைசி அத்தியாயம் எழுதுகிறேன். குருமார் சபை இரண்டு வருடம் கதைத்த பிறகு 1573 ஏப்ரல் 17ஆம் திகதி முட்டுக்கொடுக்கும் வேலையைத் தொடங்கியது. நல்ல கொத்தனார்கள், நல்ல கல். ஒருவர் மேலும் குறை சொல்ல முடியாது. 30ஆம் திகதி கோபுரம் விழுந்தது. திருவிழா நாள். சனம் சுற்றுப்பிரகார ஊர்வலத்தில் வெளியே போயிருந்தபடியால் ஒருவரும் சாகவில்லை. சாகாதபடியால் அதை அற்புதம் என்று பதிந்து வைத்தார்கள்.

ஜன்னல் எந்தப் பக்கம் பார்த்திருக்கிறது என்று நீ எழுதவில்லை. பூங்கோதையிடம் சொல்லு, மெசின் இருந்தாலும் எனக்குப் பிரச்சினையில்லை. சத்தத்தில் நித்திரை கொள்ளப் பழகியிருக்கிறேன்.

அக்கா
செல்வநாயகி


சாவகச்சேரி
4 பெப்ரவரி 1996

மதிப்புக்குரிய நவரத்தினம் அண்ணா அவர்களுக்கு,

நீங்களும் குடும்பமும் நலமாயிருக்கக் கடவுளை மன்றாடுகிறேன். நான் செல்வநாயகி ரீச்சரின் முன்வீட்டு வசந்தமலர். கொழும்பு போகும் ஒருவரிடம் இதைக் கொடுத்து விடுகிறேன். எப்படிச் சொல்வதென்று தெரியவில்லை. ரீச்சர் டிசம்பர் 9ஆம் திகதி எங்களை விட்டு மோசம் போய்விட்டா. மூன்று நாள் காய்ச்சல். நாங்கள் இருந்த பள்ளிக்கூடத்தில் இருநூறு பேர், ஒரு கிணறு. குளிசை தேடி நான் ஓடாத இடமில்லை அண்ணா.

ஒக்டோபர் 30ஆம் திகதி காலை பத்து மணிக்கு ரீச்சருக்குப் பாஸ் கிடைத்தது. நவம்பர் 2ஆம் திகதி போகலாம் என்று போட்டிருந்தது. வீட்டுக்கு வந்து பெட்டி அடுக்கினா. அன்று பின்னேரம் ஆமி நெருங்கிவிட்டது என்று ஒலிபெருக்கியில் எல்லாரையும் ஊரை விட்டு வெளியேறச் சொன்னார்கள். பாஸ் கேட்க ஒருவரும் இருக்கவில்லை. மழை. நாவற்குழிப் பாலத்தில் சனம் அசையவே இல்லை. ரீச்சர் கால் இழுத்து இழுத்துத்தான் நடந்தா. பெட்டியை வழியில் விட்டுவிட்டோம். எழுதிய தாள்களை மட்டும் பொலித்தீனில் சுற்றி நெஞ்சோடு பிடித்திருந்தா. அப்போதும் பகிடிதான். "வசந்தமலர், இது இல்லாத கேள்விக்கு நாங்கள் எழுதுற விடை" என்றா. எனக்கு விளங்கவில்லை, சிரித்தேன்.

உங்களைப் பற்றி எல்லாரிடமும் சொல்லுவா. தம்பி 94 ஏப்ரலிலேயே விண்ணப்பம் கொடுத்துவிட்டான் என்று. நீங்கள் அனுப்பிய பிரதியில் 95 பெப்ரவரி என்று இருந்ததை நான் கண்டு கேட்டேன். அந்த நாட்டில் திகதியை அப்படித்தான் போடுவார்கள் என்று சொன்னா. அப்படியா அண்ணா?

தாள்களை இந்தக் கடிதத்தோடு அனுப்புகிறேன். இருநூற்றுப் பதினாலு பக்கம். நான் எண்ணிக் கட்டினேன். நாங்கள் இன்னும் எத்தனை நாள் இங்கே இருப்போம் என்று தெரியாது. மறுமொழி எழுதுவதென்றால் கொழும்பு விலாசத்துக்குப் போடுங்கள்.

வசந்தமலர்


மவுண்ட் ஆல்பர்ட்
14 ஏப்ரல் 1996

அன்புள்ள தங்கை வசந்தமலருக்கு,

நீங்கள் எங்கிருந்தாலும் பத்திரமாக இருக்க வேண்டும். உங்கள் கடிதம் மார்ச் 22ஆம் திகதி கிடைத்தது. தாள்களும் கிடைத்தன. எண்ணினேன். இருநூற்றுப் பதினாலு சரி. அக்காவுக்கு நீங்கள் செய்ததற்கு என்ன எழுதுவதென்று எனக்குத் தெரியவில்லை.

வாசித்துவிட்டேன். ஒன்பதாம் அத்தியாயத்தின் தலைப்பு நடுமண்டபம். அதில் ஒரே வரிதான் இருக்கிறது: "இது கட்டப்படவில்லை." அடிக்குறிப்பில் இரண்டு மூலம், பக்க இலக்கங்களோடு. இரண்டாவது மூலமாக என் பெயரும் நான் கடிதம் எழுதிய திகதியும் போட்டிருக்கிறா.

கடைசி அத்தியாயம் 1573 ஏப்ரல் 30ஆம் திகதிக்கு வந்து ஒரு வசனத்தின் நடுவில் நிற்கிறது. அதை நான் முடிக்கவில்லை. இங்கே அச்சிடத் தமிழ் அச்சகம் இல்லை. விசாரிக்கிறேன்.

திணைக்களம் டிசம்பர் 4ஆம் திகதி எழுதியிருந்தது. விண்ணப்பதாரி குறித்த காலத்தில் மருத்துவப் பரிசோதனைக்குத் தோற்றாதபடியால் கோப்பு மூடப்பட்டது. பிறப்புப் பத்திரத்தைத் திருப்பி அனுப்பியிருந்தார்கள். அது இரண்டாவது லாச்சியில் இருக்கிறது.

அறை நவம்பரில் முடிந்தது. ஜன்னல் வடக்குப் பார்த்தது. வெயில் உள்ளே வரும். தரைவிரிப்பு சாம்பல் நிறம்.

உங்களுக்கு ஏதும் தேவை என்றால் எழுதுங்கள். பூங்கோதை உங்களைச் சுகம் விசாரிக்கிறா. தையல் மெசினை ஜனவரியில் அந்த அறைக்கு மாற்றினோம்.

இப்படிக்கு
நவரத்தினம்